இடப்பக்கம் போன மாமி

“எங்களோட வந்து இருந்தா என்ன வாப்பா?”

“எந்த எங்களோட?”

“என்னோடயும் நதாவோடயும்.”

“அது உன்ட வீடா மகன்? உன்ட மாமிட வீடு. மருமகன் போய் இருக்கிறது சரி, அது வழக்கம். மருமகன்ட வாப்பாவும் சாரத்தச் சுருட்டிக்கிட்டுப் பின்னால போனா பலாபத்வல முழுக்கச் சிரிக்கும்.”

“மாமி வேணாமுன்னா சொன்னாங்க?”

“வாங்கன்னும் சொல்லலியே! வீட்டுக்காரி வாயால ஒரு சொல்லு வரட்டும், அடுத்த பஸ்ஸுல ஏறி வாறேன். நதா சொன்னாப் பத்தாது. ஹாஜியார் சொன்னாலும் பத்தாது. நீ போய் அவங்ககிட்டக் கேளு.”

“நானா? நேராவா?”

“ஏன், உனக்கு வாயில்லியா?”

ஒரு மாதத்துக்கு முன்பு, பலாபத்வலயில் ரவூபின் குசினியில் நடந்த பேச்சு இது. தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் அடி கருகிப்போன சோற்றுப் பானை இருந்தது. உலையை வைத்துவிட்டு ரேடியோவைக் கேட்டபடியே தூங்கிப்போயிருந்தார் ரவூப். மனைவி மௌத்தான பிறகு மனுஷர் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். “கறுப்புச் சோறு. புது விதமான சாப்பாடு, கொஞ்சம் திண்டு பாரு” என்று அகப்பையால் சுரண்டிக்கொண்டே சிரித்தார். ஷிஹாமுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் புகையைக் கண்டு கதவைத் தட்டியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

வாய் இல்லாமலில்லை. மாத்தளை நகரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறவன். நாள் முழுக்கத் தமிழிலும் சிங்களத்திலும் பேசிப் பேசியே மாத்திரை விற்கிறவன். ஆனால் நதாவைக் கல்யாணம் முடித்து நாலு வருடமாக மாமியாரோடு ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. மாமி நூருன்னிஸாவும் அவனோடு பேசியதில்லை.

சண்டை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மரியாதைதான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்கிற ஊரில், சில பழைய குடும்பங்களில் இப்படியொரு வழக்கம் இருந்தது. மருமகனின் முகம் பார்த்து மாமி பேசமாட்டாள். மற்ற வீடுகளெல்லாம் எப்போதோ கைவிட்டுவிட்டன. நூருன்னிஸா மட்டும் விடவில்லை.

“நதா, மருமகனுக்கு இன்னும் கறி வேணுமான்னு கேளு.”

மருமகன் மேசையின் அடுத்த மூலையில்தான் இருப்பான்.

“வேணாமுன்னு சொல்லு நதா.”

“வேணாமாம் உம்மா.”

“வெக்கப்படுறாரு. ரெண்டு துண்டு இறைச்சியப் போடு.”

நதா இல்லாவிட்டால் அவளுடைய தங்கை நப்லா. இரண்டு பேரும் இல்லாவிட்டால் பூனை. ஒரு நாள் வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. வெளியே வானம் இருண்டு கிடந்தது. நூருன்னிஸா கதிரைக்கடியில் படுத்திருந்த மஞ்சள் பூனையைப் பார்த்து, “மழ வரப்போகுது. குடைய எடுத்துக்கிட்டுப் போனா நல்லம்” என்றார். ஷிஹாம் பூனைக்கு நன்றி சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

சோற்றுக்கும் குடைக்கும் இந்த ஏற்பாடு போதும். வாப்பாவைக் கூட்டிவர அனுமதி கேட்க முடியுமா? நதா கையை விரித்துவிட்டாள்.

“இது பூனைகிட்டச் சொல்லி அனுப்புற விஷயமில்ல. உம்மாட வீடு, உங்கட வாப்பா. நடுவுல நான் நின்னா, நாளைக்கு ஒரு சின்னக் கரச்சல் வந்தாலும் ரெண்டு பக்கத்தாலயும் எனக்குத்தான் விழும். நீங்களே கேளுங்க.”

“எப்படிக் கேக்கிறது? நான் வாயத் தொறந்தா மாமி எழும்பிக் குசினிக்குள்ள போயிடுவாங்க.”

“பின்னால போங்க.”

“மரியாத இல்லாதவன்னு நினைச்சுட்டா?”

“அப்ப வாப்பா கறுப்புச் சோறு திங்கட்டும்” என்றாள் நதா. சொன்ன பிறகு அவளுக்கே மனம் கேட்கவில்லை. அவன் தலையைக் கோதிவிட்டு, “கேளுங்க, அவங்க யாரையும் கடிக்க மாட்டாங்க” என்றாள்.

ஒரு மாதம் போய்விட்டது. ஒவ்வொரு காலையும் அந்தக் கேள்வியைத் தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தான் ஷிஹாம்.

குருளுகல மலையில் ஏறுகிற யோசனை நப்லாவுடையது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். “கொழும்புல இருந்தெல்லாம் ஆக்கள் வந்து ஏறிட்டு, ஊரு முழுக்கத் தெரியுற மாதிரிப் படம் போடுறாங்க. நாங்க ஜன்னலத் தொறந்தா தெரியுற மலை, இன்னும் ஒருத்தரும் ஏறல. வெக்கமா இல்லியா?” என்று இராச் சாப்பாட்டில் கேட்டாள். சின்ன மலைதான். றோட்டு முடிகிற இடத்திலிருக்கிற தேத்தண்ணிக் கடையிலிருந்து பாதை இரண்டாகப் பிரியும். ஒன்றால் ஏறி மற்றதால் இறங்கினால் ஒரு வட்டம், பகல் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடலாம்.

மாமனார் பஸீர் ஹாஜியாருக்கு நகரத்தில் இரும்புக்கடை. “மலையப் பாக்க ஏன் மலை மேல ஏறணும்? கடை வாசல்ல நின்னாத் தெரியுதுதானே” என்றார் அவர்.

“நான் வாறேன்” என்றார் நூருன்னிஸா.

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“என்ன பாக்குறீங்க? நானும் இந்த ஊர்லதானே பொறந்தேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த நாளே போய் வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்தார். மனைவி போகிறபோது ஹாஜியார் மட்டும் வீட்டிலிருந்தால் நன்றாக இருக்குமா? அவரும் வர ஒப்புக்கொண்டார்.

விஷயம் ரவூப் காதுக்கும் போனது. மகனுக்குப் போன் எடுத்தார். “மேல போனதும் எனக்கு ஒரு கோல் தா. நான் வீட்டுக்கு மேல ஸ்லாப்புல ஏறி நின்னு கண்ணாடியால வெளிச்சம் அடிக்கிறேன். தெரியுதான்னு பாரு.”

“என்ன கண்ணாடி?”

“என்ட பஸ்ஸுக் கண்ணாடிதான்!”

ரவூப் இன்னும் பஸ் டிரைவர்தான், ஓய்வூதியம் வாங்குகிறார் என்பதெல்லாம் சும்மா. மாத்தளையிலிருந்து லக்கல வழியாகப் பல்லேகம போகிற பஸ்ஸை ஓட்டித் தீர்த்தவர். கடைசி நாளில் டிப்போக்காரர்கள் பழைய பஸ் ஒன்றின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி மாலை போட்டுக் கொடுத்தார்கள். அது இப்போது அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்த்துத்தான் முகச்சவரம் செய்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இரவு பெய்த மழையில் மலை கழுவித் துடைத்தது போலிருந்தது. தேத்தண்ணிக் கடை வாசலில் வேனை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். ஷிஹாமின் முதுகில் பை. அதற்குள் தேநீர்ப் போத்தல், மாமி சுட்ட கட்லட் நிறைந்த எவர்சில்வர் பெட்டி, வெட்டிய அன்னாசி, அதற்குத் தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாய்த்தூளும்.

பாதை பிரிகிற இடத்தில்தான் அந்தப் பிழை நடந்தது. வேறு குடும்பமாயிருந்தால் நடந்திராது.

வலப்பக்கம் படி படியாகச் செங்குத்தாக ஏறியது. நப்லா போனை உயர்த்திப் பிடித்தபடி அதில் பாய்ந்துவிட்டாள். அவள் பின்னால் ஹாஜியார், அவர் பின்னால் நதா. ஒரு மூங்கில் புதரைத் தாண்டி மூவரும் மறைந்துபோனார்கள். ஷிஹாம் குனிந்து சப்பாத்து வாரைக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சற்று முன்னால், புதுச் சப்பாத்தைப் பார்த்துப் பார்த்து வந்ததில் மூவரும் போனதைக் கவனிக்காத நூருன்னிஸா நின்று இரண்டு பாதைகளையும் மாறி மாறிப் பார்த்தார். முழங்கால் வலிக்காரி. இடப்பக்கப் பாதை கொக்கோத் தோட்டத்துக்குள் சாவதானமாக வளைந்து போனது.

“நப்லா,” என்றார் திரும்பாமலே, “மருமகன்கிட்டச் சொல்லு, வலப்பக்கம் சரியான ஏத்தம். எல்லாரும் இடப்பக்கத்தால போவோம்னு.” சொல்லிவிட்டு இடப்பக்கம் நடக்கத் தொடங்கினார்.

நப்லா அங்கே இல்லை. ஒருவருமே இல்லை, ஷிஹாமைத் தவிர.

அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்ள முடியுமா? யாராவது ஒருவர் வாங்கிக் கொடுத்தால்தானே அது அவனுக்குச் சொன்ன பேச்சாகும். “மாமி, அங்கால போகாதீங்க, அவங்க எல்லாம் இங்கால போயிட்டாங்க” என்று கத்தலாம். நாலு வருட மரியாதையை ஒரு கத்தலில் கவிழ்ப்பதா? வலப்பக்கம் ஓடி நதாவைப் பிடித்து வந்து சொல்லச் சொல்லலாம். அதற்குள் மாமி காட்டுக்குள் தனியாகப் போய்விடுவார். ஷிஹாம் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு பையைச் சரிசெய்துகொண்டு வெள்ளைச் சப்பாத்தின் பின்னால் இடப்பக்கம் நடந்தான்.

கொக்கோ மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. சருகு ஈரமாகக் கிடந்து காலடிச் சத்தத்தை விழுங்கியது. கொஞ்ச தூரம் போன பிறகு நூருன்னிஸா, “நதா, ஏன் ஒருத்தரும் பேசாம வாறீங்க?” என்று கேட்டபடி திரும்பினார்.

பின்னால் மருமகன் மட்டும் நின்றான்.

மாமி அவனைப் பார்த்தார். அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். ஒரு கிளி எங்கேயோ கீச்சிட்டுவிட்டுப் போனது. நூருன்னிஸா மெல்லப் பக்கத்திலிருந்த கொக்கோ மரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“மத்தவங்க எங்கயாம்?” என்று மரத்தைக் கேட்டார்.

ஷிஹாமும் அதே மரத்தைப் பார்த்துச் சொன்னான். “வலப்பக்கத்தால போயிட்டாங்க.”

“அப்ப, சொன்னது ஒருத்தருக்கும் கேக்கலியா?”

“ஒரு ஆளுக்குக் கேட்டிச்சு.”

மரம் ஒன்றும் சொல்லவில்லை. மாமியின் உதட்டோரம் ஏதோ துடித்ததுபோல் ஷிஹாமுக்குத் தெரிந்தது. சிரிப்பா கோபமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நதா.

“எங்க நீங்க? உம்மா எங்க?”

“இடப்பக்கத்தால வந்துட்டோம்” என்றான் குரலைத் தாழ்த்தி.

“வந்துட்டோமா? யாரு யாரு?”

“மாமியும் நானும்.”

“வேற?”

“வேற மரங்கதான்.”

அந்தப் பக்கம் நதா சிரித்த சிரிப்பில் கொக்கோக் காயே விழுந்துவிடும் போலிருந்தது. “அல்லாஹ்! திரும்பி வந்துடாதீங்க, அப்படியே ஏறுங்க. வட்டம்தானே, மேல கல்லுல சந்திப்போம். கேட்டுடுங்க, கேட்டுடுங்க!”

“நீ வேணுமுன்னே செஞ்சியா?”

பதில் வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. ஷிஹாம் போனைப் பைக்குள் போட்டான். “வட்டமாம். மேல சந்திக்கலாமாம்” என்று மரத்துக்கு அறிவித்தான். மாமி மரத்துக்குத் தலையாட்டிவிட்டு நடந்தார்.

இப்படியே போனது பயணம். பாறை ஒன்றைக் கண்டதும் மாமி அதனிடம், “பைய மாத்தித் தோளுல போட்டா முதுகு வலிக்காது” என்றார். ஷிஹாம் ஒரு பலாமரத்திடம், “களைச்சா இந்த வேருல குந்தலாம்” என்றான். “ஒருத்தரும் களைக்கல” என்று பலாமரத்துக்குப் பதில் வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஷிஹாம் கேள்வியைத் தொண்டைவரை கொண்டுவந்தான். வாப்பாவின் முழு வாழ்க்கையையும் ஒரு பாக்கு மரத்திடம் எப்படி ஒப்படைப்பது? மறுபடி விழுங்கினான்.

ஓடைக்குக் கிட்டே வந்தபோது நூருன்னிஸா சட்டென்று நின்றார். வெள்ளைச் சப்பாத்துக்கு மேலே, கணுக்காலில், சின்ன விரல் தடிப்பில் ஓர் அட்டை கொழுத்துப்போயிருந்தது. அந்தம்மா கத்தவில்லை. ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார்.

“யார்கிட்டயாவது,” என்றார் ஓடையிடம், “உப்பு இருந்தா நல்லம்.”

ஷிஹாம் பையை இறக்கி அன்னாசிப் பொட்டலத்தைப் பிரித்தான். உப்பும் மிளகாய்த்தூளும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

“மிளகாயும் சேர்ந்திருக்கு” என்று ஓடைக்குச் சொன்னான்.

“அட்டைக்கு உறைச்சா எனக்கென்ன!”

குனிந்து ஒரு சிட்டிகையை அட்டையின் மேல் தூவினான். அது சுருண்டு விழுந்தது. மருந்துக்கடைக்காரன் கையல்லவா, பையில் எப்போதும் வைத்திருக்கிற பஞ்சைத் தேநீரில் நனைத்து இரத்தத்தைத் துடைத்து, பிளாஸ்டரை ஒட்டினான். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோதுதான் மாமியின் காலைத் தொட்டுவிட்டோம் என்பது உறைத்தது. மாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். எந்த மரத்திடம் சொன்னார் என்று தெரியவில்லை. “நல்ல கை” என்று மட்டும் கேட்டது.

அந்தச் சந்தோஷம்தான் அவனைக் கவிழ்த்தது. ஓடையை ஒரே தாவலில் தாண்டிக் காட்ட நினைத்தான். பாசி படிந்த கல்லில் கால் வைத்ததும் வழுக்கியது.

“மகன்!”

காடே அதிர்ந்தது. சட்டையின் பின்கழுத்தை ஒரு கை கொத்தாகப் பிடித்து இழுத்தது. தவழ்ந்து ஓடுகிற குழந்தையைப் பிடித்து இழுப்பது போன்ற இழுப்பு. ஷிஹாம் கரையில் வந்து உட்கார்ந்தான். பை நனையவில்லை, ஒரு சப்பாத்து மட்டும் நனைந்திருந்தது.

“கண்ண எங்க வச்சிருந்தீங்க? பாசி தெரியலியா? தல அடிபட்டிருந்தா என்ட புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது? உங்கட வாப்பாக்கு என்ன பதில் சொல்றது?”

நேராக அவன் முகத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையிலிருந்த சட்டையை விட்டார். வாயைப் பொத்திக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

முதலில் சிரித்தது மாமிதான். கொடியைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஷிஹாமும் சிரித்தான். நாலு வருடத்துச் சிரிப்பு இருவரிடமும் சேர்ந்து கிடந்திருக்க வேண்டும். லேசில் தீரவில்லை.

“எங்க உம்மா, உங்கட மாமாவோட கடைசி வரைக்கும் பேசல, தெரியுமா?” என்றார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “மௌத்தாகுற அன்னைக்கும் என்னப் பார்த்து, ‘பஸீர நல்லாப் பாத்துக்கச் சொல்லு’ன்னாங்க. யார, யாரு பாத்துக்கிறதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் வெளங்கல.”

“அப்ப நீங்க ஏன் மாமி…”

“நீங்க பேசுவீங்கன்னு நான் இருந்தேன். படிச்ச புள்ள, கடையில அவ்வளவு பேசுறாரு, ஒரு நாளைக்கு மாமின்னு கூப்பிடுவாருன்னு. நீங்க என்னடான்னா பூனைக்கு நன்றி சொல்லிட்டுப் போறீங்க!”

அதன் பிறகு மரங்களுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. மானாப் புல் சரிவில் ஏறும்போது நூருன்னிஸா பேசிக்கொண்டே வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பல்லேகமத் தபால் கந்தோரில் வேலை பார்த்ததைச் சொன்னார். அது ஷிஹாமுக்குத் தெரியும். தினமும் எந்த பஸ்ஸில் போனார் என்பது தெரியாது.

“உங்கட வாப்பாட பஸ்தான். அப்ப எனக்குப் பயம், ஒருத்தரோடயும் பேச மாட்டேன். அவர் யாரோடயும் பேசுவாரு. ஒரு நாள் லக்கலப் பக்கம் றோட்டு நடுவுல யானை. எல்லாரும் கலிமா சொல்லுறாங்க, கடவுளக் கூப்பிடுறாங்க. உங்கட வாப்பா எஞ்சின நிப்பாட்டிட்டு, தலைய வெளிய போட்டு, ‘அண்ணே, தபால் கந்தோருக்கு நேரமாகுது, தங்கச்சிக்கு ஏச்சு விழும், கொஞ்சம் ஒதுங்குங்க’ன்னாரு.”

“யானை?”

“ஒதுங்கிச்சு! அது பாட்டுக்குப் போயிருக்கும். ஆனா நான் அன்னைக்குத்தான் அந்த பஸ்ஸுல வாயத் தொறந்து சிரிச்சேன். நான் ஓடி வந்து ஏறாத வரைக்கும் பஸ்ஸ எடுக்க மாட்டாரு. உங்களுக்கு நதாவப் பேசி வந்தப்ப யோசிக்காமச் சரின்னேன், அந்த மனுஷன்ட மகன்னுதான்.”

ஷிஹாம் முன்னால் போய், மாமிக்கு வழிவிட்டுப் புல்லை ஒதுக்கிப் பிடித்தான்.

உச்சியில் பெரிய தட்டைக் கல். அதன் மேல் ஏறி நின்றதும் காற்று வந்து மாமியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் இன்னும் வரவில்லை. வலப்பக்கச் சரிவுக்குக் கீழேயிருந்து ஹாஜியார் மூச்சுவாங்கிக்கொண்டே, “இன்னும் எவ்வளவு? நான் இங்கயே குந்துறேன், நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க” என்று நப்லாவோடு பேரம் பேசுவது கேட்டது.

கீழே மாத்தளை. ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போட்டதுபோல் கூரைகள். நடுவே முத்துமாரியம்மன் கோயில் கோபுரம் நிறம் நிறமாக எழுந்து நிற்க, கொஞ்சம் தள்ளிப் பள்ளிவாசல் மினாரா வெள்ளையாக நின்றது. மணிக்கூட்டுக் கோபுரம் விரல் அளவு. கிழக்கே நக்கிள்ஸ் மலைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நீலமாகக் கிடந்தன. வடக்கே யாழ்ப்பாண றோட்டு பச்சைக்குள் மறைந்தும் தெரிந்தும் போய்க்கொண்டிருந்தது.

“அல்லாஹ், எங்கட ஊரா இது?” என்றார் நூருன்னிஸா. “அந்தா நம்மட தெரு! மாமரம் தெரியுதா? நான் காயப்போட்ட படுக்கைவிரிப்பும் தெரியுது!” விரிப்பு தெரிய நியாயமில்லை. ஷிஹாம் “தெரியுது மாமி” என்றான்.

வாப்பாவுக்குப் போன் எடுத்தான். மணி ஒரு தரம் அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

“வந்துட்டியா? நான் விடியக்காலையில இருந்து ஸ்லாப்புலதான் நிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் எனக்குப் பைத்தியமுன்னு பேசுறான். பாரு, இப்ப அடிக்கிறேன்!”

இருவரும் வடக்கே பார்த்தார்கள். தென்னையும் பலாவும் கலந்த வெறும் பச்சைதான் தெரிந்தது. பிறகு, றோட்டு வளைகிற இடத்துக்குச் சற்று அப்பால், ஒரு பொட்டு வெளிச்சம். அணைந்தது. மறுபடி மின்னியது. இப்போது கண்ணைக் கூசும் அளவுக்கு நேராக வந்து அடித்தது.

“தெரியுது! தெரியுது மகன்!” மாமி சின்னப் பிள்ளைபோல் கையைத் தட்டினார். “நாங்களும் அடிக்கணுமே! கண்ணாடி இல்லியே!” சட்டென்று பையைத் திறந்து கட்லட் பெட்டியின் மூடியைக் கழற்றி, முந்தானையால் எண்ணெயைத் துடைத்து, வெயிலுக்கு நேரே பிடித்து ஆட்டினார். மூடி பளபளத்தது.

“அடே! பதில் வருது!” என்று போனுக்குள் ரவூப் கத்தினார். “யாரு அடிக்கிறது, நீயா?”

“மாமி, வாப்பா. கட்லட் மூடியால.”

வடக்கே கண்ணாடி விடாமல் மின்னத் தொடங்கியது. மூடியும் விடவில்லை.

“பாருங்களேன்” என்றார் நூருன்னிஸா ஆட்டுவதை நிறுத்தாமலே. “அவ்வளவு தூரத்துல இருந்து நேராப் பேசுறாரு மனுஷன்.” கொஞ்சம் பொறுத்து, “இப்ப வீட்டுல யாரோட பேசுறாரு?” என்று கேட்டார்.

“ரேடியோவோட” என்றான் ஷிஹாம்.

மாமியின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

கீழே நப்லாவின் குரல் கிட்டே வந்துவிட்டது. “அந்தா, கல்லுத் தெரியுது! வாப்பா, இன்னும் கொஞ்சம்தான்!” இன்னும் கொஞ்ச நேரத்தில் நதாவின் தலை தெரியும், நப்லாவின் போன் தெரியும், கட்லட்டைச் சுற்றி எல்லோரும் கூடிவிடுவார்கள். மறுபடி யாராவது நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பாறை இடுக்கில் ஒரு குட்டைப் பைன் மரம் காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. அவன் பார்வை தானாக அதன் பக்கம் போனது.

“ஒரு விஷயம் கேக்கணும்…” என்று மரத்திடம் தொடங்கினான். “ஒரு மாசமாக் கேக்க நினைச்சு…”

“மரத்துகிட்டக் கேக்காதீங்க மகன்” என்றார் நூருன்னிஸா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனுக்கு எதிரே வந்து நின்றார். “அது வீட்டுக்காரி இல்ல. என்னப் பார்த்துக் கேளுங்க.”

அவன் திரும்பினான். மாமியின் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்ததேயில்லை. நதாவின் கண்கள்தான், கொஞ்சம் சுருக்கத்தோடு. அவை எங்கேயும் விலகாமல் காத்துக்கொண்டிருந்தன. கையிலிருந்த போனிலிருந்து, “ஹலோ? மகன்? இருக்கியா?” என்று வாப்பாவின் குரல் சின்னதாகக் கேட்டது. ஷிஹாம் அதை அணைக்கவில்லை. மாமியை நோக்கி நீட்டினான்.

“மாமி, எங்கட வாப்பாவ நம்மட வீட்டுல வந்து நம்மளோட இருக்கச் சொல்லி, உங்கட வாயால ஒருக்கா கூப்பிடுவீங்களா?”